சக்குல மாட்டுன சாவி: வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

போன மாசம் இந்தப் பக்கத்துல கல்யாண ஆல்பம் லேஅவுட் பத்தி எழுதும்போது, மாப்பிள்ளை பொண்ணு சொந்தக்காரங்க எல்லாரையும் போட்டுட்டு பந்தியில சமைச்ச மாஸ்டர் படம் ஒண்ணாச்சும் சேருங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை லெட்டர் வந்திருக்கு, அதனால இந்த மாசம் பூரா அதே மேட்டர் தான், வேலை செய்றவங்களைப் படம் புடிச்சு புக்கா போடறது. ஆல்பம் சைஸ் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

பெரம்பூர் வாசகி: அண்ணா, எங்கப்பா 31 வருஷம் லேத்துல, இரும்பு கடையற மெஷின்ல, நின்னவர். ரிட்டயர் ஆன அன்னிக்கு போன்ல அவரை ஒரு படம் எடுத்தேன். அப்புறம் கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கி, ரெண்டு வருஷத்துல 46 பேரை எடுத்துட்டேன். கொசப்பேட்டைல பொம்மை செய்றவங்க, காசிமேட்டுல வலை பின்றவர், புதுப்பேட்டைல வண்டி ஒடுக்கு எடுக்குற டிங்கர், மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுறவர், டைலர், கொத்தனார்னு எல்லாருமே தொழில் கைவந்தவங்க. இதை புக்கா போடணும். டிசைனை எங்க ஆரம்பிக்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்கம்மா, மொதல்ல அது. 46 படத்தையும் 4க்கு 6 சைஸ்ல சாதா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்து வீட்டுத் தரையில பரப்புங்க, ஃபேனை நிறுத்திட்டு. வேர்த்து ஊத்தும், பரவால்ல. கம்ப்யூட்டர்ல ஒரு நேரத்துக்கு ஒரு படம் தான் பாக்குறோம், ஆனா புக்கை விரிச்சா எப்பவும் ரெண்டு பக்கம், ரெண்டு ஆளு. வலை பின்றவர் குனிஞ்சு ஊசியைப் பாக்குறாரு, டைலர் குனிஞ்சு மெஷினைப் பாக்குறாரு, ரெண்டு பேரையும் எதிரெதிரா வச்சா ரெண்டு குனியலும் ஒண்ணோட ஒண்ணு பேசும். அதே டைலர் பக்கத்துல கேமராவை முறைச்சுப் பாக்குற டிங்கரை வச்சீங்கன்னா டைலர் ஏதோ தப்பு பண்ணிட்டு தலை குனிஞ்சு நிக்கிற மாதிரி ஆயிடும். இதெல்லாம் தரையில பரப்பி, ஒரு வாரம் அப்படியே வுட்டு, டீ குடிக்கும்போது ஒண்ணை மாத்தி, சாப்பிடும்போது ஒண்ணை மாத்தி பாத்தா தான் தெரியும்.

அப்புறம் உங்கப்பாவைக் கூப்பிட்டு உக்கார வைங்க, இதுதான் முக்கியம். ஏன்னு சொல்றேன், என் மானம் போன கதை.

பல வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு புக்குக்கு நான் லேஅவுட் பண்ணேன். அட்டைப்படத்துக்கு ஒரு டர்னர், அதாவது லேத் ஓட்டுறவர். லேத் பக்கத்துல நிக்கிறாரு, நல்ல முகம், நல்ல லைட்டு, சக்குல சாவி மாட்டியிருக்கு, அந்த சாவி மேல ஜன்னல் வெளிச்சம் பட்டு தகதகன்னு மின்னுது. ஆஹான்னு அதையே அட்டையில போட்டோம், 500 காப்பி. வெளியீட்டு அன்னிக்கு அவரு கூட வேலை பாத்த இன்னொரு டர்னர் வந்திருந்தாரு, புக்கை கையில வாங்கி ஒரு பார்வை தான் பாத்தாரு. "அண்ணன் என்ன, சாவியை சக்குலயே வுட்டுட்டு நிக்கிறாரு?"ன்னாரு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், லேத்துல வேலைப்பொருளை கவ்விப் புடிக்கிறது சக், அதை இறுக்குறதுக்கு டி மாதிரி ஒரு சாவி. இறுக்குன கையோட சாவியை வெளிய எடுத்துடணும். மறந்துட்டு மெஷினை ஓட விட்டா சாவி பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும். தொழில் கத்துக்க வர்ற பையனுக்கு மொத நாள் சொல்ற பாடமே இதான். படத்துல இருந்த மனுஷன் இருபது வருஷத்துக்கு மேல ஒரு விரல் கூட போகாம வேலை பாத்தவரு. புக்கை மெதுவா மூடி பைக்குள்ள வச்சுட்டு, "போட்டோ புடிச்ச தம்பி தான் அது இருக்கட்டும்னு சொன்னாப்ல"ன்னு மட்டும் சொன்னாரு. எங்க யாருக்கும் வாய் வரல. அவரைப் பெருமைப்படுத்துறோம்னு போட்ட படம், அவரு தொழில்காரங்க நடுவுல அவரைத் தலை குனிய வச்சிடுச்சு.

அதுல இருந்து நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். எந்தப் படமா இருந்தாலும் பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி அதே தொழில் பண்ற இன்னொருத்தர் கண்ணுல காட்டிடணும். போட்டோகிராஃபி தெரிஞ்சவர் கிட்ட இல்ல, தொழில் தெரிஞ்சவர் கிட்ட. லேத்துல நிக்கிறவருக்கு போட்டோவுக்காக கையுறை மாட்டி விட்டிருப்பீங்க, பாதுகாப்பா தெரியும்னு. ஆனா சுத்துற மெஷின் பக்கத்துல கையுறை தான் ஆபத்து, துணி சிக்குனா கையையும் சேத்து இழுத்துடும், அது எந்த டர்னருக்கும் தெரியும். கொத்தனார் கையில கடையில இருந்து இப்பதான் வாங்குன மாதிரி பளபளன்னு கரண்டி இருக்கும். இதையெல்லாம் நீங்களும் நானும் பாக்க மாட்டோம், அவங்க ரெண்டு செகண்டுல பாத்துடுவாங்க. லேத் படத்தை உங்கப்பா பாத்துடுவாரு, மத்த 45க்கு ஆள் புடிங்க.

அம்பத்தூர் வாசகர்: சார், லேஅவுட்ல முகம் எப்பவும் புக்கோட உள் பக்கம் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. வெளிப்பக்கம் பாக்குற படத்தை ஃப்ளிப் பண்ணிக்கலாமா?

பண்ணாதீங்க. ஃப்ளிப் பண்ணா சட்டை பட்டன் மாறும், செவுத்துல இருக்குற காலண்டர் எழுத்து திரும்பும், அதைக் கூட போட்டோஷாப்ல அழிச்சிடுவீங்க. ஆனா வலக்கையால இழைப்புளி தள்ளுற மனுஷன் இடக்கை ஆளா ஆயிடுவாரே. "நான் எப்ப தம்பி பீச்சாங்கை ஆனேன்?"னு ஒரு கார்பென்டர் என்னைக் கேட்டிருக்காரு. மிருதங்கத்துல இன்னும் மோசம், வலக்கையால வாசிக்கிற வலந்தலை வலப்பக்கம் இருக்கறது இடப்பக்கம் போயிடும், கச்சேரி கேக்குற எந்த மாமியும் கண்டுபுடிச்சிடும். முகம் வெளிய பாத்தா பாத்துட்டு போகட்டும், இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஆளை மாத்திப் பாருங்க, பாதி கேஸ் அதுலயே சரியாயிடும். அந்த ரூல் ரூலே இல்ல, பழக்கம்.

பெரம்பூர் வாசகியோட அடுத்த கேள்வி: எத்தனை பக்கம், என்ன சைஸ்? எனக்கு சதுரமா போடணும்னு ஆசை.

ஆசைக்கு விலை இருக்கு, கணக்கு பாத்துடலாம். நம்ம ஊருல 20க்கு 30 இன்ச் ஷீட் சுலபமா கிடைக்கும். அதை மூணு தடவை மடிச்சா 8 இலை, 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம், பைண்டிங்ல ஓரம் வெட்டுன பிறகு ஏறக்குறைய 7.25க்கு 9.5 இன்ச் வரும். அந்த ஓரம் தவிர பேப்பர் வேஸ்ட்டே கிடையாது. நின்னுட்டு இருக்குற ஆளோட படத்துக்கு இந்த உயரவாட்டம் பொருத்தமாவும் இருக்கும். அதே ஷீட்ல 9.5 இன்ச் சதுரம் கேட்டா 6 இலை தான் கிடைக்கும், மடிப்பும் வழக்கமான மடிப்பு இல்ல, பைண்டர் மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவாரு, பில்லும் ஏறும். அந்தக் காசுல நல்ல பேப்பர் வாங்கலாம்.

46 பேருக்கு ஆளுக்கு ரெண்டு பக்கம்னா 92. தலைப்பு, முன்னுரை, பேர் பட்டியல், நன்றி எல்லாம் சேத்து ஒரு 20 வைங்க, 112. சரியா 7 ஃபாரம். பாத்தா கச்சிதமா இருக்குல்ல? ஆனா நான் அப்படிப் பண்ண மாட்டேன். எல்லாருக்கும் சமமா ரெண்டு பக்கம்னா ரேஷன் கார்டு மாதிரி ஆயிடும், பத்தாவது ஆளுலயே வாசகருக்கு அடுத்த பக்கத்துல என்ன வரும்னு தெரிஞ்சிடும். பொம்மை செய்றவருக்கு நாலு பக்கம் குடுங்க, களிமண்ணு காயறது, பூச்சு, வெறும் கை மட்டும்னு. இன்னொருத்தருக்கு ஒரே படம், எதிர்ப்பக்கம் காலி, பேர் மட்டும். அதுக்கு எடம் வேணும்னா ஆளைக் குறைக்கணும். 46ஐ 36, 38 ஆக்குங்க. வலிக்கும். புக்குல வராதவங்களுக்கு பெரிய பிரிண்ட் ஒண்ணு ஃப்ரேம் போட்டுக் குடுத்துடுங்க, அதைப் பெருசா நினைக்கிறவங்க தான் ஜாஸ்தி.

ரெண்டு பக்கத்துலயும் பரப்பி ஒரே படம் போடறீங்கன்னா முகம் நடு மடிப்புல விழாம பாத்துக்கங்க. பசை போட்டு ஒட்டுற பெர்ஃபெக்ட் பைண்டிங்கா இருந்தா நடுவுல கிட்டத்தட்ட அரை இன்ச் முழுங்கிடும், மூக்கு காணாம போயிடும். போட்டோ புக்குக்கு ஃபாரம் ஃபாரமா தைக்கிற செக்ஷன் தையல் தான், விரிச்சு வச்சா படுத்துக்கும். பிரஸ்ல இன்னொண்ணு கேளுங்க, பேப்பரோட க்ரெய்ன், அதாவது நார் ஓடுற திசை, முதுகுப் பக்கத்துக்கு இணையா ஓடுதான்னு. குறுக்க ஓடுச்சுன்னா நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டே மழையில பக்கம் அலை அலையா ஆயிடும். ஐப்பசி கார்த்திகைல பைண்டிங்குக்குக் குடுக்காதீங்க, பசை காயாது. டிசம்பர்லயும் போகாதீங்க, ஜனவரி புத்தகக் கண்காட்சிக்காக எல்லாரும் பிரஸ் வாசல்ல நிப்பாங்க, உங்க புக்கை யாரும் நிதானமா ஓட்ட மாட்டாங்க.

மந்தைவெளி வாசகி, கல்லூரி மாணவி: படத்துக்குக் கீழ பேர் போடணுமா, தொழில் போதுமா? தொழில் மட்டும் போட்டா ஒரு கம்பீரம் இருக்குன்னு எங்க சார் சொல்றாரு.

உங்க சார் மனசுல ஆகஸ்ட் சாண்டர் இருக்காரு போல. ஜெர்மனி போட்டோகிராஃபர், 1929ல 60 படம் வச்சு ஒரு புக் கொண்டு வந்தாரு, கிராமத்து விவசாயில ஆரம்பிச்சு பட்டணம் வரைக்கும் பலதரப்பட்ட ஆளுங்க, பெரும்பாலும் பேர் இல்லாம தொழில் மட்டும். ஒரு காலத்தோட முகத்தையே பதிவு பண்ணணும்னு நினைச்சாரு. 1936ல நாஜிங்க அந்த புக்கோட அச்சுத் தகட்டை அழிச்சாங்கன்னா பாத்துக்கங்க, அந்த முகங்களுக்கு எவ்ளோ பயந்திருக்காங்கன்னு. அவரு படங்கள் முன்னாடி நான் கும்பிட்டுத்தான் நிப்பேன், ஆனா அவரோட கேப்ஷனை இங்க அப்படியே எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சொல்வேன்.

ஏன்னா நம்ம ஊருக்கு வேற ஒரு பழைய கணக்கு இருக்கு. 1868ல இருந்து 1875 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'ன்னு 8 வால்யூம் போட்டாங்க. போட்டோ போட்டு, பெரும்பாலும் கீழ ஜாதிப் பேரு, இனப் பேரு. ஆளுக்குப் பேர் இல்ல, ஆளு வெறும் சாம்பிள். இங்க தொழில் பேரை மட்டும் எழுதுனா பல நேரம் அது ஜாதிப் பேராவே போய் விழும். ஆசாரின்னு எழுதறீங்க, அது தொழிலா ஜாதியா? செருப்பு தைக்கிறவரைப் பத்தி ஒரு சொல்லை யோசிக்காம எழுதிட்டீங்கன்னா அவரு பையன் அந்த புக்கை காலேஜுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. மிருதங்கம் மூட்டுறவங்க விஷயமும் அப்படித்தான், வாசிக்கிறவருக்கு மேடை, தோலை ஏத்துனவருக்கு பேர் கூட இல்லாம தான் ரொம்ப காலம் ஓடியிருக்கு.

அதனால நான் பண்றது இதான். அவரு கிட்டயே கேப்பேன், "உங்களை யாராவது என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"ன்னு. வர்ற பதிலை அப்படியே எழுதிடுவேன். ஒருத்தர் "ஃபிட்டர்"னுவாரு, ஒருத்தர் "லெதர் ஒர்க்"னுவாரு, ஒரு பாட்டி "நான் வலைக்கு டாக்டரு"ன்னு சொல்லுச்சு, அதையும் அப்படியே தான் போட்டேன். பேர் மேல பெருசா, தொழில் அதுக்குக் கீழ, எத்தனை வருஷம்னு ஒரு வரி. பேர் போட வேணாம்னு சொல்றவங்க உண்டு, வட்டிக்காரன் கண்ணுல பட்டுடும், பழைய முதலாளி கண்ணுல பட்டுடும்னு ஆயிரம் காரணம், கேக்காதீங்க, விட்டுடுங்க.

மெரினால உழைப்பாளர் சிலை பாத்திருப்பீங்க. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959ல இருந்து அங்க நிக்குது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புறாங்க. எத்தனை தடவை அந்தப் பக்கமா பஸ்ல போயிருப்போம், அந்த நாலு பேர் யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, கேக்கவும் தோணாது, ஏன்னா அது சிலை, உழைப்புங்கற ஒரு விஷயத்துக்கு வச்சது. உங்க கிட்ட இருக்குறது போட்டோ. அதுல இருக்குறவருக்கு வீட்டு அட்ரஸ் இருக்கு, ஆதார் கார்டு இருக்கு.

வடபழனி வாசகர்: ஸ்டூடியோ வச்சிருக்கேன் சார், 18 வருஷம். கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா? எங்க அனுபவத்துல முகத்தை கொஞ்சம் ப்ரைட் பண்ணிக் குடுத்தா தான் கஸ்டமர் வாங்குவாங்க.

உங்க அனுபவத்தை நான் மறுக்கல. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுல நம்ம மொத்த ஜனத்தையும் வெள்ளைக்காரங்களா ஆக்குனது இந்த ப்ரைட்னெஸ் ஸ்லைடர் தான். ஆனா வெயில்ல இருபது வருஷம் சாரத்துல நின்ன மனுஷனோட தோலை வெளுத்தீங்கன்னா அந்த இருபது வருஷத்தையும் அழிக்கிறீங்க. வேணாம்.

இதுல ஒரு டெக்னிக்கல் சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா பிரஸ்காரங்க இதைச் சொல்லித்தான் நம்மளை மடக்குவாங்க. பேப்பர்ல மை பட்டதும் புள்ளி கொஞ்சம் பரவும், டாட் கெய்ன்னு சொல்றது. அதனால ஸ்க்ரீன்ல பாத்ததை விட அச்சுல எல்லாமே ஒரு படி கருப்பா தான் வரும், பூச்சு இல்லாத மேப்லித்தோ பேப்பர்ல இன்னும் ஜாஸ்தி. கருத்த தோலுல இருக்குற நெளிவு சுளிவு, கன்னத்து எலும்பு, நெத்தி சுருக்கம் எல்லாம் சேந்து ஒரே மொழுக்கா அடைச்சிடும். இதுக்கு முகத்தை வெளுக்கக் கூடாது, நிழல் பகுதியை மட்டும் போட்டோஷாப் கர்வ்ல கொஞ்சம் திறந்து விடணும். வித்தியாசம் புரியுதா? வெளுத்தா ஆளு மாறிடுவாரு, நிழலைத் திறந்தா ஆளு தெரிவாரு. எவ்ளோ திறக்கணும்னு ஸ்க்ரீனைப் பாத்து முடிவு பண்ண முடியாது. எந்தப் பேப்பர்ல அடிக்கப் போறீங்களோ அதே பேப்பர்ல மூணு நாலு முகத்தை ப்ரூஃப், அதாவது சாம்பிள் அச்சு, போட்டுப் பாத்துட்டு, அதை எடுத்துட்டுப் போய் அந்த ஆளு பக்கத்துல வச்சே பாருங்க, பகல் வெளிச்சத்துல. டியூப்லைட்டுல பாத்தா எல்லாருமே நோயாளி தான்.

பேப்பர் எடை 130 இல்லன்னா 170 ஜிஎஸ்எம், பளபளப்பு இல்லாத மேட் ஆர்ட் எடுங்க. பளபளா வேணாம், லைட்டு பட்டா முகத்துக்கு பதிலா உங்க வீட்டு பல்பு தான் தெரியும்.

கலரா இல்லையான்னா, கலர் வேலை செய்யுதான்னு பாருங்க. கொசப்பேட்டைல பாதி பெயின்ட் அடிச்ச பிள்ளையாரை பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா பாவம். லேத் பட்டறைல மேல டியூப்லைட்டு, பக்கத்துல மஞ்சள் பல்பு, ஜன்னல்ல நீல வெளிச்சம்னு மூணு லைட்டு ஒரே முகத்துல அடிச்சா கலர் எடுபடாது, பிளாக் அண்ட் ஒயிட் காப்பாத்தும். முழு புக்கும் பிளாக் அண்ட் ஒயிட்னா நாலு கலர்ல அடிக்காதீங்க, ஒரு ஃபாரம் பச்சையா ஒரு ஃபாரம் சிவப்பா சாயும். கருப்பு கூட ஒரு சாம்பல் மை சேத்து ரெண்டே கலர்ல அடிச்சா போதும், நிழல்ல அப்படி ஒரு ஆழம் வரும்.

கே.கே.நகர் வாசகர்: சிரிக்கச் சொல்லி எடுக்கலாமா?

சொல்லாதீங்க. தொழிலைப் பத்தி ஏதாவது தப்பா சொல்லிப் பாருங்க, திருத்துவாரு பாருங்க, அந்த நேரத்து முகம் தான் படம்.

திருவொற்றியூர் வாசகர்: கோச்சுக்காதீங்க. உழைக்கிறவன் படத்தை ஆர்ட் பேப்பர்ல போட்டு 1,500 ரூபாய்க்கு வித்து, ஏசி ரூம்ல காபி டேபிள் மேல வைக்கிறதுக்கா இவ்ளோ பேச்சு? படத்துல இருக்குறவன் இதை வாங்க முடியுமா?

கோவம் எதுக்கு வரப் போகுது, நானே ராத்திரில கேட்டுக்கிற கேள்வி தான். முடியாது, வாங்க முடியாது. அந்த விலைக்கு நானே வாங்க மாட்டேன். ஆனா மட்டமா அச்சடிச்சா அது அவருக்குப் பண்ற மரியாதை ஆயிடுமா? அவரு எதையாவது மட்டமா செஞ்சு குடுத்திருக்காரா? ரெண்டும் யோசிக்கணும்.

நான் பாத்த ஒரு வழி என்னன்னா, ரெண்டு புக்கா போடறது. ஒண்ணு நல்ல பேப்பர்ல ஹார்ட்பவுண்டு, 300 காப்பி. இன்னொண்ணு அதுலயே பொறுக்கி எடுத்த படங்களை வச்சு 48 பக்கம், மூணே ஃபாரம், மேப்லித்தோ, நடுவுல ரெண்டு பின்னு, டீக்கடையில தொங்க விடற மாதிரி. அது ஒரு பிரியாணி விலையைத் தாண்டக் கூடாது. பெரிய புக்குல வர்ற காசு சின்ன புக்கைத் தூக்கும்.

அப்புறம் யாரும் கண்டுக்காத ஒரு சட்டம் இருக்கு, 1954ல வந்தது. இந்தியாவுல புக்கு போடற யாரும் வெளியான 30 நாளுக்குள்ள நாலு லைப்ரரிக்கு சொந்தச் செலவுல காப்பி அனுப்பணும், அந்த நாலுல ஒண்ணு நம்ம எக்மோர் கன்னிமரா. 1896ல திறந்த கட்டடம். அங்க போய் உக்காந்து காசில்லாம யாரு வேணா பாக்கலாம், அந்த டிங்கரோட பேத்தி 40 வருஷம் கழிச்சு வந்து கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க. சின்னதா போட்டவங்க பாதிப்பேர் இதை அனுப்பறதே இல்ல, சோம்பேறித்தனம்.

உங்க கேள்வி இதால தீர்ந்துடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ராயபுரம் வாசகி: படத்துல இருக்குறவங்க கிட்ட கையெழுத்து வாங்கணுமா? படம் யாருக்கு சொந்தம்?

1957 காப்பிரைட் சட்டப்படி எடுத்தவருக்குத்தான் சொந்தம், யாராவது காசு குடுத்து எடுக்கச் சொல்லியிருந்து வேற ஒப்பந்தம் எதுவும் இல்லாம இருந்தா அவங்களுக்குப் போகும். எடுத்தவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம். ஆனா படம் உங்களுதுன்னா முகமும் உங்களுதுன்னு ஆயிடாது. தமிழ்ல ஒரே பக்கத்துல எழுதுங்க, புக்குல வரும், எக்ஸிபிஷன்ல வரும், விளம்பரத்துக்குக் குடுக்க மாட்டேன்னு. படிச்சுக் காட்டுங்க. படிக்கத் தெரிஞ்சவருக்கும் படிச்சுக் காட்டுங்க, ஏன்னா வேலை நேரத்துல நீட்டுனா யாரும் படிக்காம கையெழுத்து போட்டுக் குடுத்துடுவாங்க.

இன்னொண்ணு, பட்டறை முதலாளி கிட்டயும் கேக்கணும். பட்டறைச் செவுத்துல கஸ்டமர் கம்பெனியோட டிராயிங் ஒட்டியிருக்கும், அது வெளிய போகக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள பேச்சு இருக்கும், உங்க படத்தால அந்த ஆர்டரே போயிட்டா வேலை போறது படத்துல நிக்கிறவருக்குத்தான். புதுப்பேட்டைல வண்டி நம்பர் பிளேட்டு தெரியாம பாத்துக்கங்க, காரணம் சொல்லத் தேவையில்ல.

தாம்பரம் வாசகர்: இன்டிசைன் லேஅவுட் சாஃப்ட்வேர்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு தனியா, எழுத்து தனியா போகுது.

பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்துங்க, ஒழுங்கா உக்காரும். யூனிகோட் ஃபான்ட் தான் எடுக்கணும், பழைய டிடிபி ஃபான்ட்ல அடிச்சு வச்சிருந்தா கன்வெர்ட் பண்ணிட்டு ஒவ்வொரு பேரையும் கண்ணால பாருங்க. பேர்ல ர, ற மாறிப் போச்சுன்னா என்ன டிசைன் பண்ணாலும் வீண். அந்தந்த ஆளு கிட்டயே பேரை எழுதி வாங்கிக்கங்க, பசங்க இருந்தா அவங்க எழுதிக் குடுப்பாங்க.

பெரம்பூர் வாசகி, கடைசியா: அண்ணா, படத்துல இருக்குறவங்களுக்கு ஆளுக்கு ஒரு காப்பி குடுத்தா போதுமா?

ரெண்டு குடுங்க. ஒண்ணு பட்டறைலயே இருக்கும், வர்றவன் போறவன் எல்லாம் கிரீஸ் கையோட புரட்டி ஒரு மாசத்துல நாறிடும், அது நல்லது. இன்னொண்ணு வீட்டுக்குப் போகணும், பீரோவுல, பட்டுப்புடவைக்கு மேல. பட்ஜெட்ல இதை மொதல்லயே எழுதிடுங்க, 38 பேர்னா 76 காப்பி, 300ல கால்வாசி அங்கயே போயிடும், அதைத் தெரிஞ்சுகிட்டு விலை வைங்க. வெளியீட்டு விழாவுல கூப்பிட்டு மேடையில குடுக்கலாம்னு நினைக்காதீங்க, பாதிப்பேர் அன்னிக்கு லீவு போட முடியாது, தினக்கூலி. விழாவுக்கு முன்னாடியே நீங்களே வண்டில எடுத்துட்டு ஒவ்வொரு பட்டறையா போங்க. கொசப்பேட்டைக்கு விநாயகர் சதுர்த்தி நெருக்கத்துல போகாதீங்க, உங்க மூஞ்சியைப் பாக்கக் கூட நேரம் இருக்காது. உங்கப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, புதுப்பேட்டைக்காரரும் அவரும் பேச ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும், அன்னிக்கு வேற எங்கயும் போற ப்ளான் வச்சுக்காதீங்க.